ஓடுகாலி மேடு

செங்கரம்பூர்,
பாடாலூர் வழி,
பெரம்பலூர் மாவட்டம்.
ஆவணி 12, வியாழக்கிழமை.

அன்புள்ள புவனேஸ்வரிக்கு,

உன் அப்பா கண்ணையனின் தம்பி உத்திராபதி எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நாற்பத்தாறு வருடம் கேட்காதவன் இன்றைக்குக் கேட்டால் உனக்குச் சிரிப்புத்தான் வரும். அதனால் கேட்காமல் விடுகிறேன். உறையின் மேல் என் பெயரைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் நீ இதுவரை படித்திருந்தால் அதுவே பெரிது.

உன் விலாசத்தை உன் மாமா வேல்முருகன்தான் கொடுத்தார். போன வாரம் பெரம்பலூர் போய் அரியலூர் பஸ் பிடித்து, அங்கிருந்து ஜெயங்கொண்டம் போய் அவர் ஊரில் இறங்கினேன். வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. செருப்பைக் கழற்றப் போனேன். "கழட்டாதீங்க. உள்ள வரப் போறதில்லல்ல, நின்னே சொல்லுங்க" என்றார். நின்றே சொன்னேன். சொல்லி முடித்த பிறகு அவர் வெகுநேரம் கீரையைத் தொடவே இல்லை. பிறகு உள்ளே போய் ஒரு தாளில் உன் விலாசத்தை எழுதிக்கொண்டு வந்தார். உன் ஃபோன் நம்பரையும் கேட்டேன். "அது வேண்டாம். ஃபோன் பண்ணுனா புவனா எடுத்துத்தான் ஆவணும். கடுதாசின்னா படிக்கிறதும் படிக்காததும் அது இஷ்டம்" என்றார். உன்னை வளர்த்தவர் சரியாகத்தான் வளர்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நீ போர்ட் பிளேயரில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதையும், உனக்கு இரண்டு பெண் குழந்தைகள் இருப்பதையும் அவர் வாயால்தான் தெரிந்துகொண்டேன்.

இங்கே ஆடிப்பட்டத்துக்கு மழை சுமார். மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்திருக்கிறது, குருத்தில் புழு விழுந்துவிட்டது. சின்ன வெங்காயத்தை இந்தத் தடவை எல்லோருமே குறைத்துக்கொண்டார்கள். என் மகன் ராஜா காலை மாலை மருந்து தெளித்துக்கொண்டிருக்கிறான். பார், உன்னிடம் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மக்காச்சோளக் கொல்லைக்குள் போய் ஒளிந்துகொள்கிறேன். எனக்கு இது பழக்கம்தான்.

சித்திரை மாதத்தில் எங்கள் ரோட்டில் புதிதாகப் பலகைகள் நட்டார்கள். செங்கரம்பூரிலிருந்து பாடாலூர் போகிற ரோடு இப்போது தார் ரோடு. அதையும் அகலமாக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் பெயர் எழுதி வைத்தார்கள். மூன்றாவது மைலில், உன் அப்பாவின் கொல்லையை ஒட்டிய இடத்தில், 'ஓடுகாலி மேடு' என்று எழுதியிருந்தது. கீழே இங்கிலீஷிலும் இருந்தது. அதுவரை அது வாய்ப்பேச்சுப் பெயர்தான். கண்டக்டர் சொல்வார், ஆடு மேய்ப்பவர்கள் சொல்வார்கள். எழுத்தில் பார்த்தபோதுதான் அது ஒரு வசவு என்பதே எனக்கு உறைத்தது.

உன் அம்மாவை நினைத்துத்தான் உறைத்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பொய். வைகாசியில் என் பேத்தி இலக்கியாவைப் பெண் பார்க்க அரியலூர்ப் பக்கத்திலிருந்து வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் காப்பி குடித்துக்கொண்டே, "வழியில ஒரு போர்டு பாத்தோம். அது என்னாங்க அப்படி ஒரு பேரு? யாரு ஓடுனது?" என்று கேட்டுச் சிரித்தார். ராஜா ஏதோ சொல்லிச் சமாளித்தான். அவர்கள் போனதும் நான் செய்த முதல் வேலை, அந்தப் பெயரை எடுத்துவிடச் சொல்லி நெடுஞ்சாலை ஆபீஸுக்கு மனு எழுதியதுதான். என் வீட்டுக் கௌரவத்துக்காக எழுதினேன். உனக்கு முதலில் பேசிய சம்பந்தம், மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஊரில் வந்து விசாரித்ததால் முறிந்துபோனது என்று உன் மாமா இப்போது சொன்னார். அப்போதே அரசல்புரசலாக என் காதிலும் விழுந்ததுதான். அன்றைக்கு நான் மனு எழுதவில்லை.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உனக்கு உன் மாமா வீட்டில் என்ன சொன்னார்களோ தெரியாது. முழுதாகச் சொல்ல அவர்களுக்கே போன வாரம் வரை தெரியாது. தெரிந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

இந்தப் பக்கத்துப் பழைய பாதைகள் நெடுக இப்படிப் பெயர்கள் உண்டு. நடந்தும் வண்டியிலும் போய்வந்த காலத்தில், வழியில் செத்துப்போனவர்களை ஊருக்குள் கொண்டுவர மாட்டார்கள். செத்த இடத்திலேயே பாதையோரம் குழி வெட்டிப் புதைப்பார்கள். அந்த வழியே போகிறவர்கள் ஒரு கொத்துத் தழை ஒடித்துப் போட்டுவிட்டுப் போவார்கள். செத்தவருக்கு மரியாதை, போகிறவருக்கு வழித்துணை. ஊர் பேர் தெரியாத பண்டாரத்தைப் புதைத்த இடம் பண்டாரமேடு. உப்பு வண்டியோடு வந்தவர் காய்ச்சலில் விழுந்த இடம் உப்புக்காரன் பள்ளம். வயிற்றில் பிள்ளையோடு இறந்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். அவளால் இறக்க முடியாமல் போன சுமைக்குப் பதிலாக மற்றவர்கள் தலைச்சுமையாவது அதில் இறங்கட்டும் என்று. கெட்ட பெயரோடு செத்தவர்களுக்கு மட்டும் தழை கிடையாது. கல்தான். போகிறவர் வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு கல்லை எடுத்து எறிந்துவிட்டுப் போக வேண்டும். நாளாக ஆக அது மேடாகிவிடும்.

உன் அம்மா பூங்காவனத்தின் மேல் இருப்பது அப்படி ஒரு மேடு.

அது எழுபத்தொன்பதாம் வருடம், ஆவணி மாதம். உனக்கு நாலு வயது. கடலைக்காய் பிடுங்குகிற நேரம். எங்கள் கடலை மூட்டைகளைப் பாடாலூர் மண்டியில் இறக்கிவிட்டு, வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு நான் திரும்பி வந்துகொண்டிருந்தேன். உச்சி வெயில். அப்போது அது செம்மண் பாதை. மூன்றாவது மைலுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் எதிரே ஒரு பெண் நடந்து வருவது தெரிந்தது. கிட்ட வந்த பிறகுதான் அண்ணி என்று தெரிந்தது. கையில் ஒரு துணிப்பை. முகம் வெளுத்து உதடு காய்ந்திருந்தது. வண்டியின் முளைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"தம்பி, வண்டியத் திருப்பு. பாடாலூர்ல பெரம்பலூர் பஸ் ஏத்தி விட்டுடு. எனக்கு ரெண்டு நாளா உதிரம் நிக்கல. நடக்க முடியல" என்றார்கள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கூச்சமாகிவிட்டது, புவனா. இருபத்தாறு வயது எனக்கு, கல்யாணம் ஆகவில்லை. அண்ணி என்னிடம் இதைச் சொல்லலாமா என்றுதான் தோன்றியது. சொல்ல வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறார்கள் என்று தோன்றவில்லை. மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு, "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திருக்கலாம்ல" என்றேன்.

"கேட்டேன்" என்றார்கள்.

அன்று காலையில் அவர்கள் கேட்டதும் உன் அப்பா கை நீட்டியதும் எனக்குத் தெரியும். நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது. "கடலை முடியட்டும் பாத்துக்கலாம்" என்று அண்ணன் கத்தியதும், "பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று எங்கள் அம்மா சொன்னதும் கேட்டது. வண்டியைத் திருப்பினால் அண்ணன் என்னைச் சும்மா விடமாட்டார் என்று பயந்தேன். பயம் மட்டும் காரணமில்லை. பசி. காலையில் குடித்த கூழ்தான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும் என்று இருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து அண்ணி முளைக்குச்சியை விட்டுவிட்டார்கள். "சரி, நீ போ. மெதுவா நடந்துக்கிறேன். வூட்ல தேடுனா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கேன்னு மட்டும் சொல்லிடு. புவனா எந்திரிச்சா சோறு ஊட்டச் சொல்லு" என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். பாதையோரமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மைலில் ஒரு வேலமரத் தோப்பு உண்டு. அது வரைக்கும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தால் வீடு அமளிப்பட்டுக்கொண்டிருந்தது. நீ எழுந்து அம்மாவைத் தேடி அழுதுகொண்டிருந்தாய். அண்ணன், "எவனாச்சும் பாத்தீங்களாடா?" என்று தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். பார்த்தேன் என்று சொன்னால், ஏன் கூட்டிக்கொண்டு வரவில்லை என்று அடிப்பார். கொண்டுபோய் ஏன் விடவில்லை என்று கேட்க அங்கே யாரும் இல்லை. சாயங்காலம் அவர் கோபம் தணிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் கதை வேறாகிவிட்டது. அன்று மத்தியானம்தான் ஊரில் தங்கியிருந்த வளையல்காரர் ஒருவர் சரக்கை முடித்துக்கொண்டு கிளம்பியிருந்தார். அவர் போனது வேறு திசை. ஆனால் எங்கள் அம்மா இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுத் தெருவில் சொல்லிவிட்டார்கள். மகன் அடித்துத் துரத்தினான் என்று ஊர் பேசுவதைவிட, மருமகள் ஓடிப்போனாள் என்று பேசுவது மேல் என்று நினைத்திருப்பார்கள். அந்தச் சொல் தெருவில் விழுந்த பிறகு, நான் உண்மையைச் சொன்னால் பெற்ற தாயை ஊர் நடுவில் பொய்க்காரி ஆக்க வேண்டும். அதற்கு எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் காலனியிலிருந்து கடலை பிடுங்கப் போன அம்மாக்கண்ணு என்ற பெண் ஓடிவந்து சொன்னாள். அந்த வேலமரத் தோப்பில் அண்ணி நிழலில் சாய்ந்தபடி செத்துக் கிடந்தார்கள். போலீஸ் வந்தால் ஊரே கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்று மணியக்காரர் சொன்னார். "ஓடிப்போனவ பொணம் என் வூட்டு வாசப்படி ஏறக் கூடாது" என்று உன் அப்பா சொன்னார். உன் மாமாவுக்கு ஆள் அனுப்பினார்கள், எல்லாம் முடிந்த பிறகு வந்து சேரும்படியாக. அம்மாக்கண்ணுவின் புருஷன் பிச்சைமுத்து குழி வெட்டினான். அவள் தன் மாற்றுச் சேலையைக் கொண்டுவந்து போர்த்தினாள். எங்கள் வீட்டிலிருந்து ஒரு முழத் துணிகூடப் போகவில்லை.

மண்ணை மூடிய பிறகு, "போறவங்க வரவங்க கல்லெடுத்துப் போடுங்க. குடும்பத்துல இருந்தே ஆரம்பிங்க" என்று எங்கள் அம்மா சொன்னார்கள். அண்ணன் குனியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு கல்லை எடுத்துப் போட்டேன். மாங்காய் அளவு இருக்கும். ஈர மண்ணில் விழுந்ததால் சத்தமே வரவில்லை. முதல் கல் என்னுடையது, புவனேஸ்வரி. அதற்குப் பிறகு அந்த வழியே எத்தனையோ ஆயிரம் தடவை போயிருக்கிறேன். மறுபடி போட்டதில்லை. அதைப் பெரிய புண்ணியம் போல மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் உன் மாமா வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போனார். யாரும் தடுக்கவில்லை.

உன் அப்பா போய் நாலு வருடம் ஆகிறது. படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி மாதத்தில் ஒருநாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "அன்னைக்கு நீ அந்த வழியாத்தான வண்டி ஓட்டிக்கிட்டு வந்த. அவள நீ பாத்தியாடா?" என்று கேட்டார். அவர் நினைப்பில் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே, "இல்லண்ணே" என்றேன். சாகப் போகிறவர் நிம்மதியாகப் போகட்டும் என்று சொன்னதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிம்மதியாக அவர் போகவில்லை. அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

நான் எழுதிய மனு சுற்றிச் சுற்றி ஊராட்சிக்கே வந்தது. கிராம சபையில் வேறு பெயரைத் தீர்மானம் போட்டு அனுப்பினால் பலகையை மாற்றித் தருகிறோம் என்று மேலே இருந்து எழுதியிருந்தார்கள். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கூட்டம். ஊராட்சிச் செயலர் தமிழரசன் என்ற இளவயதுக்காரர் தீர்மானம் படித்தார். ஒருவர் மாரியம்மன் நகர் என்றார். ஒருவர் தன் கட்சித் தலைவர் பெயரைச் சொன்னார். அதற்கு இன்னொரு கட்சிக்காரர் சண்டைக்கு வந்தார். பிறகு யாரோ எழுந்து, "மனு குடுத்தது உத்திராபதி ஐயா. பக்கத்துக் கொல்லையும் அவங்க அண்ணன் கொல்லைதான். கண்ணையன் மேடுன்னே வச்சிடலாம். நல்ல மனுசன்" என்றார். நிறையப் பேர் கை தட்டினார்கள். ராஜாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. செயலர் எழுதத் தொடங்கிவிட்டார்.

அப்போது முன்வரிசையில் இருந்து அம்மாக்கண்ணு எழுந்தாள். அவளுக்கு இப்போது அறுபத்தாறு அறுபத்தேழு இருக்கும். பிச்சைமுத்து காலமாகிவிட்டான். "அதுக்குப் புதுசா எதுக்குங்க பேரு? ஏற்கெனவே பேரு இருக்கு" என்றாள். எந்தப் பெயர் என்று செயலர் கேட்டார்.

"தழையம்மா. எங்க காலனியில அப்படித்தான் சொல்லுவோம். நீங்கதான் கல்லு போட்டீங்க. நாங்க ஒருநாளும் கல்லு போட்டதில்ல. வேலைக்குப் போவயில எல்லாம் வேப்பங்கொத்து ஒடிச்சிப் போட்டுட்டுத்தான் போவோம். எம்புள்ளைங்களுக்கு வேற பேரே தெரியாது. அந்தம்மா சீலையப் பாத்தவ நான். கரு கலைஞ்சி, ரத்தம் போயிச் செத்த பொம்பள. அன்னைக்கே சொன்னேன். எங்க பேச்சு யாரு காதுல ஏறுச்சு?" என்றாள்.

அந்த மேட்டின் மேல் எப்போதும் காய்ந்த தழை கிடப்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆடு மேய்ப்பவர்கள் போட்டது என்று நினைத்திருந்தேன். ஒரே இடத்துக்கு ஒரு ஊரில் இரண்டு பெயர், ஒன்று என் காதுக்கு எட்டவே இல்லை.

கூட்டத்தில் சிலர் அவளை உட்காரச் சொன்னார்கள். பழைய கதை இப்போது எதற்கு என்றார்கள். நான் எழுந்தேன். "அது சொல்றது நெசம்தான். எங்க அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க" என்றேன். அதன் பிறகு வண்டி, வெயில், நான் தலையாட்டியது, முதல் கல் எல்லாம் சொன்னேன். தமிழரசன் பேனாவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, இதைத் தீர்மானத்துல எழுதணுமா?" என்று மெதுவாகக் கேட்டார். எழுதச் சொன்னேன். எழுதி, படித்துக் காட்டினார். கீழே கையெழுத்துப் போட்டேன்.

பூங்காவனம் மேடு என்று வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். தழையம்மா மேடு என்று காலனிக்காரர்கள் சொன்னார்கள். அதிலும் ஒரு முடிவு வந்திருக்கும். அம்மாக்கண்ணுதான் மறுபடி தடுத்தாள். "அதுக்கு ஒரு மவ இருக்கு. அதக் கேக்காம நீங்க எப்படிப் பேரு வப்பீங்க? ஒருக்கா யாரையும் கேக்காம வச்சது பத்தாதா?" என்றாள். உன்னைக் கேட்டுச் சொல்வது என்று அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள். கேட்கிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நியாயம்தான்.

அன்றிலிருந்து ராஜா என்னோடு பேசுவதில்லை. "சாவப்போற காலத்துல எதுக்குப்பா ஊரக் கூட்டிச் சொன்ன? எம்பொண்ணு கல்யாணத்த நெனச்சுப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டான். இலக்கியா மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பலகையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள் என்று கேள்விப்பட்டேன்.

என் மனைவி சின்னம்மாள் இரண்டு நாள் எனக்குச் சோறு போட்டாள், வார்த்தை போடவில்லை. மூன்றாம் நாள் கேட்டாள். "ராஜா பொறக்கயில எனக்கு வலி எடுத்தப்ப அந்த ராவுலயும் வண்டி கட்டுனீங்களே. அந்த மேட்டத் தாண்டித்தான பாடாலூர் போனோம். அப்பகூட ஒங்களுக்கு ஒண்ணும் தோணலியா?" என்றாள். தோன்றியது. அவளை வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அன்று அண்ணியை விட்டுவந்ததற்கு ஈடாகிவிடும் என்று தோன்றியது. அதை அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. உன்னிடம் எழுதுகிறேன்.

இனி நீ சொல்ல வேண்டியது. அந்த இடத்துக்கு என்ன பெயர் என்று எழுது. உன் அம்மா பெயரா, தழையம்மாவா, இல்லை, உன் மனதில் வேறு ஏதாவது இருக்கிறதா? எந்தப் பெயரும் வேண்டாம், பலகையே வேண்டாம் என்று நீ சொன்னாலும் அதையே கூட்டத்தில் படித்துக் காட்டுவேன். இன்னொன்றும் இருக்கிறது. ரோட்டை அகலப்படுத்தும்போது அந்த மேடு போய்விடும். தை பிறந்ததும் வேலை தொடங்குமாம். கல்லையெல்லாம் அள்ளிப் பள்ளத்தில் கொட்டி நிரவப் போவதாகச் சொன்னார்கள். அதற்கு முன்னால் உன் அம்மாவை எடுத்து முறையாகச் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். எங்கே, எப்படி என்பது உன் விருப்பம். காலனிக்காரர்கள் தங்கள் சுடுகாட்டில் இடம் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் சாதியாரில் இரண்டு பேர் அதற்கு முகம் சுளித்தார்கள். அவர்களுக்கு இதில் பேச்சில்லை என்று சொல்லிவிட்டேன். எனக்கும் பேச்சில்லை.

கொள்ளி வைக்கிற உரிமை எனக்கு வேண்டும் என்று கேட்க மாட்டேன். நான் தள்ளி நின்றுகொள்கிறேன். நீ வருகிற நாளில் என் முகத்தைப் பார்க்கவே பிடிக்காது என்றால் அதையும் ஒரு வரி எழுதிவிடு. ஊரைவிட்டு எங்காவது போய் இருந்துவிட்டு நீ போன பிறகு வருகிறேன்.

மன்னிப்பு என்று இதில் எங்கும் எழுதவில்லை. அந்தச் சொல்லை எழுதினால் நீ அதற்கு ஏதாவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பாரத்தையும் உன் மேல் வைக்க மனம் வரவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் வா. எனக்காக இல்லை. உன் அம்மாவை எடுத்த ஃபோட்டோ ஒன்றுகூடக் கிடையாது, உனக்கும் முகம் நினைவில் இருக்காது. அம்மாக்கண்ணுவுக்கு எல்லாம் நினைவில் இருக்கிறது. உன் அம்மா களையெடுக்கும்போது என்ன பாட்டுப் பாடுவார்கள், எதற்கெல்லாம் சிரிப்பார்கள், உன்னை இடுப்பில் எந்தப் பக்கம் வைத்துக்கொள்வார்கள் என்று எல்லாம் சொல்கிறாள். உன்னைப் பார்த்தால் இன்னும் சொல்வாள். அவளுக்கு மார்ச்சளி அடிக்கடி வருகிறது. தாமதிக்காதே. உன் பெண்களையும் கூட்டிக்கொண்டு வா, அவர்களும் கேட்கட்டும்.

பெரியவர்கள் கடிதத்தை ஆசியோடு முடிப்பார்கள். ஆசி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, அதனால் வேண்டிக்கொள்கிறேன். உன் அம்மா எந்த ஊர் என்று யாராவது கேட்டால், நீயும் உன் பிள்ளைகளும் தலை நிமிர்ந்து இந்த ஊர் பெயரைச் சொல்லும் ஒரு நாள் வர வேண்டும். அந்த நாளில் தலை குனிந்து நிற்க வேண்டியவன் நான் ஒருவனாக மட்டும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உத்திராபதி